பிழைதிருத்தம்

தேரடிப் பக்கம் என் கடை.
இரண்டு கணினி, ஒரு ஜெராக்ஸ் மிஷின்.
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
எழுத்துப்பிழை பார்த்தால் ஐந்து கூட.
பொய்யைத் திருத்த விலை வைக்கவில்லை,
இதுவரை யாரும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை வந்தது
நிலக்கரி யார்டின் துண்டறிக்கை.
கொண்டுவந்த பெலிக்ஸ்ராஜ் நல்ல பையன்,
டீ வாங்கிக் கொடுத்தான்.
'உங்களுக்கு வேலை வேண்டுமா,
வெறும் கடற்காற்று வேண்டுமா?'
கேள்விக்குறியில் விரல் தயங்கியது:
இரண்டும் இருந்த தெருவில்தான் நான் பிறந்தேன்.
'எதிர்ப்பவர்கள் யார்?
போன தேர்தலில் தோற்றவர்கள்!'
தோற்றவன் வாயால் சொன்னால்
கரி வெளுத்துவிடுமா?
'பக்கத்து ஊரில் யார்டு வந்தது,
பள்ளிக்கூடமும் வந்தது.'
மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும்
அழகான முடிச்சு, தடித்த எழுத்தில்.
கடைசி வரியில் வளர்ச்சி, வளர்ச்சி, வளர்ச்சி.
மூன்றாவதைத் தட்டி முடிக்கையில்
முதலாவதுக்கு என்ன பொருள் என்று மறந்திருந்தது.
ஐந்நூறு பிரதி அடித்துக் கொடுத்தேன்.
ஐந்தாம் தேதி வாடகை.

புதன்கிழமை பூங்காவனமும் தேசப்பனும்.
கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு மனு.
இவர்கள் என் ஆட்கள்.
அதனாலேயே வாசிக்காமல் தலையாட்டியிருப்பேன்;
கை மட்டும், பழக்கத்தில், பென்சிலை எடுத்தது.

'யார்டு வந்த வருசந்தான்
என் வூட்டுக்காரர் செத்தாரு.'
காக்கை உட்கார்ந்தது. பனம்பழம் விழுந்தது.
அந்த அண்ணனை எனக்குத் தெரியும்,
முப்பது வருஷம் பகலென்றும் பாராமல் குடித்தவர்.
பூங்காவனத்துக்கும் தெரியும்.
பென்சில் முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

'ஜனம் மொத்தமும் ஆஸ்பத்திரில கீது.'
எத்தினி பேருக்கா?
'எங்க வூட்ல ஒண்ணு. எதிர் வூட்ல ரெண்டு.'
ஒரு சோறு பதம்தான், ஒரே பானையென்றால்.
இங்கே ஆயிரம் அடுப்பு.

தேசப்பன் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார்.
'அவன் புளுகு ஐந்நூறு அடிச்சியே,
அவனாண்ட பென்சில் எடுத்தியாம்மே?'

எடுக்கவில்லை.
அவன் செய்ததால் நாமும் செய்யலாமா என்று
திருப்பிக் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.
டீ குடித்த வாயில் அது வரவில்லை.

பூங்காவனம் பையைத் துழாவி
ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து வைத்தாள்.
பக்கத்துக்கு ஒரு செல்லோடேப் துண்டு,
கீழே தேதி, பேத்தியின் கையெழுத்து.
'ராத்திரி ஜன்னல்ல ஒட்டி காலைல உரிச்சது.
பத்தொம்பது நாளு.
இது இன்னாத்துக்கு ஆவும்னு தெர்ல,
அதான் காட்டல.'

பதினைந்து துண்டு கறுப்பு.
நான்கு வெள்ளை.
'வெள்ளைய கிழிச்சிப் போடு' என்றார் தேசப்பன்.
'கிழிக்காத. அன்னிக்கு காத்து அந்தாண்ட அடிச்சிது.'

அவ்வளவுதான் புது மனு:
தேதி, திசை, கறுப்பு, வெள்ளை.
ஒரு ஆச்சரியக்குறி கூட இல்லாமல்
என் கடையிலிருந்து எதுவும் போனதில்லை.

அச்சுக்குக் கொடுக்கும்போது
கையைப் பிடித்துக்கொண்டாள்.
'அவரு செத்தாருன்னு ஒரு வரி போடு.
இதால செத்தாருன்னு வாணாம்.
செத்தாரு. அம்புட்டுதான்.'

பொய்யில்லை. ஒரு எழுத்துகூடப் பிழையில்லை.
ஆனால் பதினைந்தாவது கறுப்புக்குக் கீழே போட்டால்
காக்கை தானாக வந்து உட்காரும்.
வெள்ளைக்குக் கீழே போட்டால்
அவர் வெறுமனே செத்தவராகிவிடுவார்.

கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது.
வெளியே லாரி போகிறது, தார்ப்பாய் மூடாமல்.
அவள் இன்னும் கையை விடவில்லை.